பிளைவுட், எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு: கரையானும் மக்கலும் தாக்காமல் மருந்து ஏற்றும் முழு வழிகாட்டி

பிளைவுட் வாங்கும்போது பலரும் தேடுவது 'கொதிநீர் தாங்கும்' என்ற முத்திரையை. அது இருந்தால் கரையானும் வராது என்று ஒரு நம்பிக்கை. அந்த முத்திரை பேசுவது பசையைப் பற்றி மட்டும்தான். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையில் ஒட்டிய பலகையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியாது. அடுக்குகளாக இருக்கும் மரமோ அதே மரம்தான். சீக்கிரம் வளர்ந்து, வைரம் பாயுமுன் வெட்டப்பட்ட மரம். கரையானுக்கு அதில் தடை எதுவும் இல்லை.

எந்த மருந்து நல்லது என்று கேட்பவர்கள் நிறைய. அந்த மருந்து பலகைக்குள் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அளவில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் போகும்.

படி 1: தாக்குவது எது என்று பாருங்கள்

மண்ணில் வாழும் கரையான் ஈரம் இல்லாமல் பிழைக்காது. அதனால்தான் சுவரிலும் அலமாரியின் பின்பக்கத்திலும் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது. அந்த மண்தடம் தெரிந்தால் கூடு தரைக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம். உலர்மரக் கரையான் வேறு வகை. அதற்கு மண் தொடர்பே வேண்டாம். பலகைக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அலமாரித் தட்டில் கசகசா போல சிறுசிறு மணிகள் குவிந்திருந்தால் அவற்றை ஒரு உருப்பெருக்கியில் பாருங்கள். ஆறு பக்கங்கள் கொண்ட, பக்கங்கள் சற்றே குழிந்த மணிகள் என்றால் அது உலர்மரக் கரையானின் எச்சம். மணியாக இல்லாமல் மாவு போலக் கொட்டினால், கூடவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகளும் இருந்தால், அது கரையானே இல்லை. உளுக்க வைக்கும் வண்டு. மாவுச்சத்து மிகுந்த மரங்களின் வெளிமரத்தைத்தான் அது தேடிப் போகும்.

மக்கல் என்பது பூஞ்சையின் வேலை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கல் பூஞ்சை தலையெடுக்காது; 30 சதவீதத்தை ஒட்டிப் போனால் அதற்குக் கொண்டாட்டம். பழுப்பு மக்கல் மரநாரின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, நாரைப் பிணைத்திருக்கும் லிக்னினை விட்டுவைக்கும், அதனால் மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினாலே பொடியாகும். வெள்ளை மக்கல் லிக்னினையும் சேர்த்துத் தின்னும். மரம் வெளுத்து நார்நாராகிவிடும். சுவரை ஒட்டிய பலகையில் பூக்கும் கறுப்புப் பூசணம் இந்தக் கணக்கில் வராது. அது பார்க்க அசிங்கமாக இருக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல, ஆனால் பலகையின் வலுவைத் தின்னாது. பூசணத்துக்கு மருந்து வேறு; கீழே சொல்லும் போரான் மருந்துகள் பூசணத்துக்குப் பெரிதாக உதவாது.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், கரையானைக் கொல்லும் மருந்துகளில் பல பூஞ்சையைத் தொடவே தொடாது. பூஞ்சை மருந்துகளுக்கும் கரையான் விஷயத்தில் அதே கதைதான்.

படி 2: பலகை எங்கே இருக்கப் போகிறது?

உலகம் முழுக்க மரக்காப்புத் தரங்கள் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. ஐரோப்பாவின் இ.என். 335 தரம் ஐந்து பயன்பாட்டு வகுப்புகளைச் சொல்கிறது: உலர்ந்த உள்ளறை, கூரைக்குக் கீழே எப்போதாவது ஈரம்படும் இடம், மண்ணைத் தொடாத வெளிப்புறம், மண் அல்லது நன்னீரைத் தொடும் இடம், கடல்நீர். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எச்1 முதல் எச்6 வரை பிரிக்கின்றன. அதில் எச்2 என்பது உள்ளறை, உலர்ந்த இடம், ஆனால் கரையான் உண்டு என்ற நிலை. வெப்பநாடுகளில் வீட்டுக்குள் போடும் பலகைகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். எச்3 மழைபடும் வெளிப்புறம்.

மரநாரை ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப், மரத்துகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் வெளிப்புறத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வழக்கமாக அவற்றை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பசையே மெல்ல மெல்லச் சிதையும். பசை விட்டுப்போன பலகைக்கு எந்தப் பூஞ்சை மருந்தும் உயிர் கொடுக்காது. மருந்து ஏற்றியது என்பதற்காக மழைபடும் இடத்தில் போட்டு ஊதிப்போன பலகையைப் பார்த்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

படி 3: மருந்துக் குடும்பங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் போரான். வெங்காரம், போரிக் அமிலம், இவை இரண்டும் சேர்ந்து உருவாகும் டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் (இனி டி.ஓ.டி. என்று சொல்கிறேன்), அப்புறம் துத்தநாக போரேட். உள்ளறைப் பலகைகளுக்கு நான் முதலில் கைவைப்பது இந்தக் குடும்பத்தில்தான். காரணம், கரையான், வண்டு, மக்கல் மூன்றையும் ஒரே பொருள் கவனித்துக்கொள்கிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது, ஆவியாகிப் போவதும் கிடையாது. கரையான் இதைத் தின்றால்தான் சாகும், அதுவும் மெதுவாக. அதனால் மருந்தேற்றிய பலகையிலும் ஆரம்பத்தில் மேலோட்டமாகக் கொறித்த தடம் இருக்கலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

போரானின் பெரிய பலமும் பலவீனமும் ஒன்றே: அது தண்ணீரோடு நகரும். ஈரமான மரத்தில் தடவினால் உள்ளே ஊடுருவும். மழையில் வைத்தால் வெளியே போய்விடும். எனவே மழைபடும் இடத்துக்கும் மண்ணைத் தொடும் இடத்துக்கும் போரான் தனியாகப் போதாது. துத்தநாக போரேட் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் சற்றுத் தாக்குப்பிடிக்கும், ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) ஆலைகளில் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போரான் உப்பு சாதாரணமானது என்று அள்ளித் தெளிப்பவர்கள் உண்டு. உடனடி நச்சுத்தன்மை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரக்கூடிய பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கலக்கும் இடத்தில் நிற்கக் கூடாது.

அடுத்தது தாமிரம். 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோண்டி காமேசன் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து உருவாக்கிய கலவைதான் சி.சி.ஏ. என்ற பெயரில் உலகம் முழுக்கக் கம்பங்களையும் வெளிப்புற மரங்களையும் பல பத்தாண்டுகள் காத்தது. குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடும், மழைக்கு அசையாது. ஆர்செனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்குச் சி.சி.ஏ. ஏற்றுவது நின்றது, ஐரோப்பாவும் கட்டுப்படுத்தியது. இப்போது அந்த இடத்தில் தாமிரத்தோடு குவாட்டர்னரி அமோனியச் சேர்மமோ அசோலோ சேர்ந்த கலவைகள் இருக்கின்றன. தாமிரத்துக்குத் துணை எதற்கு? சில பழுப்பு மக்கல் பூஞ்சைகள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து தாமிரத்தைக் கரையாத உப்பாக முடக்கிவிடும். அவற்றை அடக்கத்தான் அந்த இரண்டாவது மருந்து. இந்தப் புதிய கலவைகளில் தாமிர அளவு அதிகம், அது சாதாரண இரும்பு ஆணியையும் ஸ்க்ரூவையும் அரிக்கும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

மூன்றாவது, கரிமப் பூச்சிக்கொல்லிகள். பைஃபெந்த்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் தொட்டாலே கொல்லும், கரையானை விரட்டவும் செய்யும். இமிடாகுளோபிரிட் விரட்டாது, கமுக்கமாகக் கொல்லும். மிகச் சிறிய அளவே போதும் என்பது இவற்றின் வசதி. பூஞ்சைக்கு இவை எதுவுமே செய்யாது. அதற்கு டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்ற அசோல்கள் உண்டு, அவை கரையானைப் பார்க்காது. அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் இரண்டும் சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் ஒரு பூச்சிக்கொல்லியின் பெயர் மட்டும் இருந்து, முன்பக்கத்தில் 'மரத்துக்கு முழுப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தால் பின்பக்கத்தை நம்புங்கள்.

பழைய தலைமுறை நம்பிய ஆல்ட்ரின், குளோர்டேன் இரண்டும் எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களை உலகளவில் தடுக்க 2001-ல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே உண்டு. லிண்டேன் 2009-லும், பென்டாகுளோரோஃபீனால் 2015-லும், குளோர்பைரிபாஸ் 2025-லும் சேர்ந்தன. பழைய இருப்பு எங்காவது கிடைத்தால் தொடாதீர்கள்.

படி 4: ஆலையில் எந்த வழியில் மருந்து ஏறியது?

வாங்குபவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஒரே மருந்து, நான்கு வழிகளில் ஏற்றப்பட்டால், நான்கு வெவ்வேறு பலகைகள் கிடைக்கும். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒன்று, ஒட்டுவதற்கு முன்பே வெனீரில், அதாவது பிளைவுட்டின் அடுக்காகப் போகும் மெல்லிய மரத்தகட்டில், ஏற்றுவது. உரித்த வெனீர் ஈரமாக இருக்கும்போதே போரான் கரைசலில் முக்கி, அடுக்கி மூடிவைத்தால், ஈரத்தின் வழியே உப்பு உள்ளே நகர்ந்து மெல்லிய தகடு முழுவதும் பரவிவிடும். அப்புறம் காயவைத்து ஒட்டுவார்கள். பலகையை எங்கே அறுத்தாலும் மருந்து இருக்கும். பிளைவுட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. சிரமம் ஆலைக்காரருக்கு: வெனீரின் மேல் உப்பு அதிகம் தங்கினால் பசை சரியாகப் பிடிக்காது.

இரண்டு, பசையில் கலப்பது. பிளைவுட் ஆலைகள் அதிகம் விரும்புவது இதைத்தான், தனியாக எந்த இயந்திரமும் வேண்டாம். ஆனால் மருந்து எல்லாப் பசைக்கும் ஒத்துப்போகாது. ஃபீனால் பசை கடும் காரம். காரத்தில் சிதையும் பூச்சிக்கொல்லிகள் பல. அதோடு பிளைவுட் பிரஸ்ஸின் 130 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் தாங்க வேண்டும். இதையெல்லாம் தாண்டி வந்த மருந்தும் பசைக்கோட்டிலும் (இரண்டு வெனீருக்கு நடுவே பசை இருக்கும் இடம்) அதை ஒட்டிய மரத்திலும்தான் இருக்கும். வெனீர் மெல்லியதாக இருந்தால் கரையான் எந்தப் பக்கம் கடித்தாலும் சீக்கிரமே ஒரு பசைக்கோட்டில் முட்டிக்கொள்ளும். நடு வெனீர் தடிமனாக இருந்தால் இரண்டு பசைக்கோடுகளுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு பாதை கிடைத்துவிடும், கரையான் விளிம்பு வழியாக அதற்குள் புகுந்து நேராகப் போகும். வெளித்தோற்றத்தில் பலகை புதிது மாதிரியே நிற்கும். எனவே பசையில் மருந்து கலந்த பிளைவுட் என்றால் விளிம்பைப் பார்த்து அடுக்குகளை எண்ணுங்கள். அதே தடிமனில் அடுக்கு அதிகமுள்ள பலகையை எடுங்கள்.

மூன்று, மரச்சீவல், துகள், நார் இவற்றோடு மருந்துத்தூளைக் கலந்து பிறகு அழுத்துவது. ஓ.எஸ்.பி., பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் மூன்றுக்கும் இதுதான் பொருத்தம். துத்தநாக போரேட் இங்கே நாயகன். மரத்தின் எடையில் சுமார் 0.75 முதல் 1.5 சதவீதம் வரை கலப்பது வழக்கம். நன்றாகக் கரையும் போரேட்டைப் போட்டால் ஃபீனால் பசை பரவுவதற்கு முன்பே இறுகிவிடும், பலகை வலுவிழக்கும். துத்தநாக போரேட்டில் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் அளவு கூடக்கூட ஒட்டுவலு இறங்கும் என்பதால் பசை பரவுவதற்குப் பாலிஎத்திலீன் கிளைகால் சேர்ப்பதுண்டு. மருந்து கூடினால் நல்லது என்று நினைக்கக் கூடாத இடம் இது.

நான்கு, பலகை தயாரான பிறகு ஏற்றுவது. ஜான் பெத்தல் 1838-ல் காப்புரிமை பெற்ற முறையின் அடிப்படையே இன்றும் ஓடுகிறது: உருளைக் கலத்தில் அடுக்கி, காற்றை உறிஞ்சி, கரைசலை நிரப்பி, அழுத்தம் கொடுப்பது. இது ஃபீனால் பசை பிளைவுட்டுக்கு மட்டும். முடிந்ததும் இடையிடையே சட்டம் வைத்து அடுக்கித் திரும்ப உலர்த்த வேண்டும், அவசரப்பட்டால் வளையும். எம்.டி.எஃபையும் பார்ட்டிகிள் போர்டையும் இப்படித் தண்ணீரில் அழுத்தினால் ஊதிப்போய் திரும்பவே திரும்பாது. அவற்றுக்காக யோசிக்கப்பட்டதுதான் ஆவி முறை. டிரைமெத்தில் போரேட் ஆவி பலகைக்குள் புகுந்து, மரத்தில் இருக்கும் சிறு ஈரத்தோடு வினைபுரிந்து, போரிக் அமிலத்தை அங்கேயே விட்டுவிட்டு மெத்தனாலாக வெளியேறும். பலகை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி மேற்பரப்பு ஈரத்திலேயே தீர்ந்துவிடும். அழகான வேதியியல்; செலவும் சிக்கலும் காரணமாகப் பரவலாகவில்லை.

படி 5: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

மருந்தின் பெயர் என்ன? ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ, அல்லது எடையில் எத்தனை சதவீதம்? எந்த முறையில் ஏற்றியது? எந்தப் பயன்பாட்டு வகுப்புக்கு? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் சரி. 'கெமிக்கல் ட்ரீட்டட்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் வந்தால், மருந்தேற்றாத பலகை என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 6: நீங்களே பூசும்போது

முதலில் ஒரு கணக்கு. 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்றின் இரண்டு முகங்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். 10 சதவீத டி.ஓ.டி. கரைசலைப் பூசுகிறோம், சதுர மீட்டருக்கு 150 மில்லி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூச்சுக்கு 900 மில்லி. அதில் டி.ஓ.டி. சுமார் 90 கிராம், தரங்கள் அளப்பதுபோல போரான் ஆக்சைடாகக் கணக்கிட்டால் 60 கிராம். பலகையின் கன அளவு சுமார் 0.054 கன மீட்டர். ஆக, கன மீட்டருக்கு 1.1 கிலோ. அமெரிக்க மரக்காப்புச் சங்கத்தின் தரம் உள்ளறை மரத்துக்குக் கேட்பது 2.7 கிலோ, ஃபார்மோசன் கரையான் என்ற மூர்க்கமான மண்கரையான் உள்ள இடங்களில் 4.5 கிலோ. அந்த அளவும் மரத்துக்குள் ஊடுருவி இருக்க வேண்டும். நாம் பூசியது மேல் வெனீரோடு நின்றுவிடும், ஏனென்றால் பசைக்கோடு அதை உள்ளே விடாது.

இதைச் சொல்வது பூசுவதே வீண் என்பதற்காக அல்ல. கையால் பூசும் மருந்து எதைச் சாதிக்கும் என்று தெரிந்துகொண்டு பூச வேண்டும். முகத்தைவிட விளிம்புகளில்தான் பலன் அதிகம். விளிம்பில் மரநாரின் வாய் திறந்திருக்கிறது. கரைசல் அங்கே வேகமாக உறிஞ்சப்படும். கரையானும் பெரும்பாலும் அங்கேதான் புகும்.

கரைசல் தயாரிக்க: டி.ஓ.டி. தூள் 1 கிலோ, தண்ணீர் 9 லிட்டர். 20 டிகிரி குளிர்ந்த நீரில் அதற்குமேல் கரைவது கடினம், ஆகவே வெதுவெதுப்பான நீரை எடுங்கள். 15 சதவீதம் வரை போகலாம். டி.ஓ.டி. கிடைக்காவிட்டால் வெங்காரம் 900 கிராம், போரிக் அமிலம் 600 கிராம், சுடுநீர் 8.5 லிட்டர். இரண்டும் தனித்தனியாகச் சரியாகக் கரையாது, சேர்ந்தால் நன்றாகக் கரையும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், சமையலறைக்குத் திரும்பப் போகக் கூடாது. கையுறை, கண்ணாடி, தூளைக் கொட்டும்போது முகமூடி.

வேலையின் வரிசை இது:

1. ஈரமானியால் பலகையை அளந்து பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்கலாம்.
2. அறுப்பது, இழைப்பது, துளையிடுவது, கீலுக்குக் குழி எடுப்பது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பூசிய பிறகு அறுத்தால் அந்த அறுவாய் மருந்தில்லாத வாசல்.
3. முகங்களுக்கு இரண்டு பூச்சு. முதல் பூச்சு காயும் முன்பே இரண்டாவது.
4. விளிம்புகளைத் தூரிகையால் மட்டும் விடாதீர்கள். ஆழம் குறைந்த தட்டில் கரைசலை ஊற்றி, பலகையை நிறுத்திச் சில நிமிடங்கள் ஊற விடுங்கள். இது பிளைவுட்டுக்கு மட்டும்.
5. ஸ்க்ரூ துளைகளுக்கும் கீல் குழிக்கும் பீச்சாங்குழலால் நிரப்புங்கள்.
6. சட்டம் இடையில் வைத்து, நிழலில், காற்றோட்டமாக, பழைய ஈர அளவு வரும்வரை உலரவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். காய்ந்த பலகையின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவினால் என்ன ஆகும் என்று ஒரு துண்டில் செய்து பாருங்கள்: பசை தூரிகையிலேயே திரண்டு, ரப்பர் போல இழுபடும், மரத்தில் ஒட்டாமல் உருண்டு வரும். வெள்ளைப் பசையில் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹாலை போரேட் குறுக்கே பிணைத்துக் கூழாக்கிவிடுவதுதான் காரணம். ஈரத்துணியால் பூத்த உப்பைத் துடைத்து, திரும்பக் காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, மூக்குக்கும் வாய்க்கும் முகமூடியோடு தூசியைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் லாமினேட் ஒட்ட வேண்டும். மைக்கா சில மாதங்களில் உப்பிக்கொண்டு வந்தால் இந்தத் துடைக்காத உப்பையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

எம்.டி.எஃபுக்கும் பார்ட்டிகிள் போர்டுக்கும் தண்ணீர்க் கரைசல் ஆகாது. விளிம்பு உப்பி நிற்கும். அவற்றுக்குக் கரிமக் கரைப்பானில் வரும் பைரித்ராய்டு, அசோல் கலவையை விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் பூசுங்கள். தீப்பற்றும் பொருள், ஆவி தலையைச் சுற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ பொறி பறக்கும் கருவியோ கூடாது. மீன்தொட்டியையும் பூனையையும் அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள்: பைரித்ராய்டு மீனுக்கு மிகக் கொடிய விஷம், பெர்மெத்ரின் பூனைக்கு ஆபத்து.

லாமினேட் ஒட்டிய பலகை வாங்கினால் முகத்தில் பூசுவதற்கு ஒன்றுமில்லை. பின்பக்கம், விளிம்பு, துளை இவைதான் வேலை. பூசிக் காய்ந்த பிறகு எட்ஜ் பேண்ட் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

படி 7: வெளிப்புறப் பலகையின் அறுவாய்கள்

அழுத்தமுறையில் தாமிரம் ஏற்றிய பிளைவுட்டை வேலையிடத்தில் அறுக்காமல் முடியாது. அறுத்த இடத்தில் 2 சதவீதத் தாமிரம் உள்ள காப்பர் நாப்தினேட்டைத் தாராளமாகப் பூசுங்கள். பச்சைக் கறையும் வாடையும் இருக்கும், உள்ளறைக்கு வேண்டாம். காய்ந்ததும் விளிம்புக்குப் பெயின்ட். பெயின்ட் மருந்தில்லை, தண்ணீரை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்பதற்காக.

படி 8: போரான் ஏறியிருக்கிறதா, சோதித்துப் பாருங்கள்

இதற்கு மஞ்சள்தூள் போதும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், அமிலத்தோடு சேர்ந்து போரானைச் சந்தித்தால் சிவக்கும். ஆய்வகங்களிலும் இந்த முறைதான்.

முதல் கரைசல்: மஞ்சள்தூள் 10 கிராமை 90 கிராம் எத்தில் ஆல்கஹாலில் கலக்கி வடிகட்டியது. இரண்டாவது: 80 மில்லி ஆல்கஹாலில் 20 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அதில் கரையுமட்டும் சாலிசிலிக் அமிலம் போட்டது. பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டைப் புதிதாக அறுத்து, அறுவாயைக் காயவைத்து, முதல் கரைசலைப் பூசி, சில நிமிடம் விட்டு, அதன்மேல் இரண்டாவதைப் பூசுங்கள். போரான் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு அளவு என்பதற்கு ஆய்வகம் வேண்டும். ஃபீனால் பசைக்கோடு இயல்பிலேயே கருஞ்சிவப்பு, அதைப் போரான் என்று எண்ணிவிட வேண்டாம். அடர் அமிலம் கையாளத் தெரியாதவர்கள் இந்த வேலையை ஒரு வேதியியல் ஆய்வகத்தில் கொடுத்துவிடுவது நல்லது. தாமிரம் ஏறியதைச் சோதிக்க குரோம் அசுரால் எஸ் என்ற காட்டி உண்டு. தாமிரம் இருந்தால் அடர்நீலம்.

ஏற்கெனவே கரையான் வந்துவிட்டால்

மேலே ஸ்ப்ரே அடிப்பது கண்துடைப்பு. விரட்டும் மருந்தை ஒரு பக்கம் அடித்தால் கூட்டம் வேறு பக்கம் வழி தேடும். மண்தடத்தைத் துடைப்பதற்கு முன் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள், ஒழுகும் குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மண்ணுக்கு மருந்தோ கரையான் இரையோ வைப்பது தொழில்முறை ஆட்களின் வேலை. உள்ளே அரிக்கப்பட்ட பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, மருந்தேற்றிய பலகையைப் போடுங்கள். அரித்த எம்.டி.எஃபைக் காப்பாற்ற முடியாது. பிளைவுட்டில் தட்டினால் வெற்றொலி கேட்கும் பகுதியும் அப்படித்தான்.

துண்டும் தூசியும்

மருந்தேற்றிய பலகையின் அறுவைத் துண்டுகளை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்காதீர்கள். சி.சி.ஏ. ஏற்றிய பழைய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவது இன்னும் மோசம். மரத்தூளை மாட்டுக் கொட்டகையிலோ கோழிக்கூண்டிலோ பரப்பவும் கூடாது. உணவு நேரடியாகப் படும் பலகை, காய் நறுக்கும் கட்டை போன்றவற்றுக்கு மேலே சொன்ன எந்த மருந்தும் வேண்டாம். மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், அடுத்த பலகையின் விளிம்புகளுக்கே பூசித் தீர்த்துவிடுங்கள். போரான் கரைசல் மூடிவைத்தால் கெடாது, குளிரில் படிகம் இறங்கினால் சூடாக்கினால் திரும்பக் கரையும். டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.